பழைய கணக்கு, புதிய எந்திரம்

சிறு நிறுவனம் ஒன்று பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கத் திட்டமிடும்போது, பேச்சு பெரும்பாலும் மெமரி, டிஸ்க், விலை என்றே தொடங்கும். வேலையில் இறங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வரும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு ரிப்போர்ட். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட சம்பள புரோகிராம். எதற்காக அப்படிப் போடப்பட்டது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு தள்ளுபடிக் கணக்கு. இவையெல்லாம் புதிய எந்திரத்தில் ஓடுமா? இந்தக் கேள்விக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இதற்கு விடை தேடப் போய்த்தான் கணினிகளின் உள்ளமைப்பே சில முறை மாறியிருக்கிறது.

1959 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் 1401 என்ற கணினியை அறிவித்தது. மாத வாடகை 2,500 டாலரில் தொடங்கியது. அதுவரை கணினி என்பது பெரும்பாலும் அரசுத் துறைகளும் பெரிய காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருக்கும் பொருள். 1401 வந்ததும் நடுத்தர அளவு கம்பெனிகளும் துணிந்தன. முதல் ஐந்து வாரங்களில் 5,200 ஆர்டர்கள் குவிந்தன. மொத்தத்தில் 12,000க்கும் மேல் தயாராயின. மிகச் சிறிய மாடலில் மெமரி 1,400 எழுத்துகள், மிகப் பெரியதில் 16,000. இன்றைக்குச் சிரிப்பாகத் தோன்றும் அந்த இடத்துக்குள் ஒரு கம்பெனியின் சம்பளமும் பில்லும் சரக்கிருப்பும் முறை வைத்து ஓடின. உடன் வந்த பிரின்டர் நிமிடத்துக்கு 600 வரி அச்சடித்தது. அந்த பிரின்டருக்காகவே 1401ஐ எடுத்தவர்களும் உண்டு.

அதை எடுத்தவர்களில் பலர் கணினியைப் புதிதாகப் பார்த்தவர்கள்தான், ஆனால் எந்திரக் கணக்குக்குப் புதியவர்கள் இல்லை. அவர்களிடம் ஏற்கெனவே ஐபிஎம் 407 போன்ற பஞ்ச் கார்டு கணக்கு எந்திரங்கள் இருந்தன. அவற்றுக்குப் புரோகிராம் என்று எழுத்தில் எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கான துளைகள் உள்ள ஒரு பலகை. எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு வயர் போகிறது என்பதுதான் கணக்கு. கார்டின் பத்தாவது பத்தியில் உள்ள எண்ணைத் தாளில் எங்கே அச்சடிப்பது, வாடிக்கையாளர் எண் மாறினால் எப்போது கூட்டுத்தொகை போடுவது எல்லாம் வயரில்தான் இருந்தன. சம்பளத்துக்கு ஒரு பலகை, பில்லுக்கு ஒரு பலகை என்று அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேலை மாறும்போது ஒன்றை உருவி இன்னொன்றைச் சொருகுவார்கள்.

இந்த வயர்க்காரர்களைக் கணினிப் பக்கம் கொண்டுவர ஐபிஎம் செய்த ஏற்பாடு ஆர்பிஜி என்ற மொழி. அதில் புரோகிராம் எழுதுவது படிவம் நிரப்புவது போலத்தான். உள்ளே வரும் கார்டின் அமைப்பு ஒரு படிவம், கணக்கு ஒரு படிவம், வெளியே வரும் தாளின் அமைப்பு ஒரு படிவம். கார்டைப் படி, கணக்கிடு, அச்சடி, அடுத்த கார்டுக்குப் போ என்ற பழைய எந்திரத்தின் சுற்று அந்த மொழிக்குள்ளேயே இருந்தது. வருஷக்கணக்காகப் பலகையில் வயர் சொருகிய ஒருவர் தன் பழக்கத்தை விடாமலே புரோகிராமர் ஆக முடிந்தது. எந்திரம் மாற்றும் எந்தத் திட்டத்திலும் இவ்வளவு கரிசனத்தை ஆட்கள் மேல் காட்டியதில்லை என்றே சொல்லலாம். ஆர்பிஜி இன்றும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த இடப்பெயர்ச்சி அவ்வளவு சுமுகமாக இல்லை. 1960களின் நடுவில் 1401காரர்களின் வேலை வளர்ந்துவிட்டது, எந்திரம் போதவில்லை. ஆனால் மெமரி சிக்கனத்துக்காக எத்தனையோ தந்திரங்கள் செய்து எழுதிய புரோகிராம்கள் 1401ஐத் தவிர வேறெதிலும் ஓடாது. எல்லாவற்றையும் திரும்ப எழுதுவது என்றால் வருஷக்கணக்கில் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்குள் கணக்கு நின்றுவிடக்கூடாது.

இந்தப் பயத்தை முதலில் வியாபாரமாக்கியது போட்டி நிறுவனமான ஹனிவெல். 1963 டிசம்பரில் அது அறிவித்த ஹனிவெல் 200 கணினி, 1401ஐப் போன்ற அமைப்பிலேயே, அதைவிட வேகமாக உருவாக்கப்பட்டது. கூடவே லிபரேட்டர் என்ற மென்பொருள். 1401 புரோகிராமை எடுத்துப் புது எந்திரத்துக்கு மாற்றிக் கொடுக்கும். முதல் வாரத்திலேயே சுமார் 400 ஆர்டர்கள் வந்தன. ஐபிஎம்முக்குள் கலக்கம்.

கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஐபிஎம் அப்போது தன் பழைய வரிசைகளையெல்லாம் விட்டுவிட்டு, சிறிய கம்பெனியிலிருந்து பெரிய ஆராய்ச்சி நிலையம் வரை ஒரே கட்டளைத் தொகுப்பில் இயங்கும் சிஸ்டம்/360 குடும்பத்தை ரகசியமாக உருவாக்கிக்கொண்டிருந்தது. ஃப்ரெட் புரூக்ஸ், ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ் முதலியோர் வடிவமைத்த அந்த எந்திரம் 1401க்கு எந்த வகையிலும் உறவில்லாதது. 1401இல் ஓர் எழுத்துக்கு ஆறு பிட், 360இல் எட்டு. 1401இல் எண் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், அது எங்கே முடிகிறது என்பதற்கு மெமரியிலேயே அடையாளம் வைத்திருப்பார்கள். 360இல் அப்படியோர் அடையாளமே இல்லை. ஆக, 1401காரர் புதிய ஐபிஎம்முக்குப் போனாலும் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும், ஹனிவெல்லுக்குப் போனால் வேண்டாம். வேகமான புதிய 1401 ஒன்றைச் செய்துவிடலாம் என்று ஐபிஎம்மின் சிறு கணினிப் பிரிவிலேயே பலமாகக் குரல் எழுந்தது.

360ஐக் காப்பாற்றியது அதன் சிறிய மாடலான மாடல் 30இன் உள்ளே இருந்த ஓர் ஏற்பாடு. அதன் கட்டளைகள் வயரிங்கில் நிரந்தரமாகப் பதிக்கப்படவில்லை. மைக்ரோகோடு என்ற நுண்கட்டளைகளாக, பஞ்ச் கார்டு அளவிலேயே செய்த பிளாஸ்டிக் அட்டைகளில் துளையிட்டு வைக்கப்பட்டிருந்தன. அட்டையை மாற்றினால் எந்திரத்தின் நடத்தையும் மாறும். அப்படியானால் 1401 மாதிரி நடக்கும் நுண்கட்டளைகளையும் சேர்த்து வைத்தால் என்ன? பொறியாளர்கள் முயன்று பார்த்தார்கள். 360க்குள் ஒரு 1401 ஓடியது, அசல் 1401ஐவிட வேகமாகவே ஓடியது. 1964 ஏப்ரல் 7 அன்று 360 அறிவிக்கப்பட்டபோது, பழைய வாடிக்கையாளரிடம் சொல்ல ஐபிஎம்மிடம் நல்ல பதில் இருந்தது: உங்கள் கார்டுக் கட்டுகளை அப்படியே கொண்டுவாருங்கள்.

நிதானமாகப் புது மொழியில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் பலர் வந்தார்கள். எழுதவில்லை. ஓடுகிற சம்பளக் கணக்கைத் தொட யாருக்கு மனம் வரும்? 1970களிலும் பல அலுவலகங்களில் 360க்குள் 1401 ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது நியாயமாகாது. ஒவ்வொரு மாதமும் தவறாமல் சரியாகக் கணக்கைக் கொடுத்த ஒன்றின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கை அது.

இந்தியாவில் கதை வேறு வழியில் போனது. இங்கும் ஐபிஎம் 1401களை வாடகைக்கு விட்டிருந்தது. அமெரிக்காவில் அவற்றின் காலம் முடிந்த பிறகும் இங்கே அவை உழைத்தன. 1973இன் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இங்குள்ள தொழிலில் தன் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்காமல் 1978இல் ஐபிஎம் வெளியேறியது. அது விட்டுச்சென்ற எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சியிடம் வந்தது. இங்கே எந்திரம் மாறவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் கை மாறியது.

இதற்கிடையே அமெரிக்காவில், சிறு நிறுவனங்களுக்கென்றே கணினி செய்யும் வேலை, ஐபிஎம்மில் மினசோட்டா மாநிலத்து ரோச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1969இல் அங்கிருந்து வந்த சிஸ்டம்/3இன் கார்டு, பழைய கார்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 80 பத்திக்குப் பதில் 96. மொழி என்னவோ ஆர்பிஜிதான். பிறகு சிஸ்டம்/38, சிஸ்டம்/36 என்று வரிசை வளர்ந்து, 1988 ஜூன் 21 அன்று இரண்டையும் இணைத்து ஏஎஸ்/400 வந்தது. மொத்த வியாபாரக் கிடங்கு, சிறு வங்கி, தொழிற்சாலை என்று உலகெங்கும் அலுவலகத்தின் ஒரு மூலையில் சத்தமில்லாமல் நின்ற பெட்டி அது.

ஏஎஸ்/400க்கு சிஸ்டம்/38இலிருந்து வந்த சொத்து ஒன்று உண்டு. ஃப்ராங்க் சோல்டிஸ் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் வடிவமைப்பு அது. புரோகிராமை கம்பைல் செய்யும்போது அது நேரே பிராசஸரின் மொழிக்குப் போகாது. எந்த பிராசஸரையும் சாராத ஒரு நடு வடிவம் முதலில் உருவாகும். அதிலிருந்துதான் அந்தந்த பிராசஸருக்கான மொழிபெயர்ப்பு. அந்த நடு வடிவம் புரோகிராமின் கூடவே சேமிக்கப்பட்டிருக்கும். 1995இல் ஐபிஎம் ஏஎஸ்/400இன் பழைய 48 பிட் பிராசஸரைத் தூக்கிவிட்டு 64 பிட் பவர்பிசி வகையை வைத்தபோது இதன் அருமை தெரிந்தது. பழைய எந்திரத்தில் டேப்பில் எடுத்து, புதியதில் ஏற்றினால் போதும். நடு வடிவத்திலிருந்து எந்திரமே மறுபடி மொழிபெயர்த்துக்கொண்டது. சோர்ஸ் கோடு தொலைந்துபோன புரோகிராம்கள்கூடப் பிழைத்தன.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலத்தில் இடம் மிச்சம் பிடிக்கச் சிலர் அந்த நடு வடிவத்தை நீக்கிவிட்டிருந்தார்கள். விற்பனைக்கு மென்பொருள் எழுதிய சில நிறுவனங்கள், தங்கள் வேலையின் நுணுக்கத்தைப் பிறர் பார்க்கக்கூடாது என்று நீக்கின. அந்தப் புரோகிராம்களுக்கு சோர்ஸ் கோடு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எப்போதோ மிச்சம் பிடித்த இடத்துக்கான விலையைப் பின்னால் வந்த அலுவலர்கள் கொடுத்தார்கள்.

இதே நிலைமை 2008இல் இன்னொரு முறை வந்தது. ஐபிஎம் ஐ என்று பெயர் மாறியிருந்த ஏஎஸ்/400 இயங்குதளத்தின் 6.1 பதிப்பு, எல்லாப் புரோகிராம்களையும் மறுபடி மொழிபெயர்க்கச் சொன்னது. இம்முறை ஐபிஎம் முன்கூட்டியே ஒரு கருவியைக் கொடுத்தது. அதைப் பழைய எந்திரத்தில், புதியதற்குப் போவதற்கு முன்பே, ஓட்ட வேண்டும். எந்தப் புரோகிராம் மாறும், எது மாறாது, மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அது பட்டியல் போட்டுக் கொடுக்கும். மாறாதவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய டேப்புகளில் சோர்ஸ் கோடு தேடுவதும், மென்பொருள் விற்றவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று விசாரிப்பதும்தான் அந்த அலுவலகங்களின் முதல் வேலையாக இருந்தது.