தேய்மானக் கணக்கும் பழைய மடிக்கணினியும்

பெங்களூரில் வீட்டுத் தேவைக்கு மடிக்கணினி வாங்குவோர், புதியதா பழையதா என்பதைப் பொருளின் வலுவைப் பற்றிய கேள்வியாகவே எண்ணுகின்றனர். அந்நகரில் ஒரு கணினி எப்போது பழையதாகிறது என்பதை அதன் வலு மட்டும் முடிவு செய்ததில்லை. கணக்கேடும் முடிவு செய்தது.

1991இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு உருவானபின், அதில் பதிந்த நிறுவனங்கள் கணினிகளைச் சுங்கவரியின்றி இறக்குமதி செய்தன. பின்னர் அவற்றை உள்நாட்டில் விற்க வேண்டுமெனில் தேய்மானம் போக எஞ்சிய மதிப்புக்கு வரி செலுத்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் 52ஆம் எண் சுங்க அறிவிக்கை அதற்கான விகிதத்தை வகுத்தது: ஒவ்வொரு காலாண்டுக்கும் முதலாண்டில் 10 விழுக்காடு, இரண்டாமாண்டில் 8, மூன்றாமாண்டில் 5, அதற்கடுத்த இரண்டாண்டுகளில் 1. மூன்றாண்டு முடிவில் 100 ரூபாய்க் கணினியின் மதிப்பு 8 ரூபாய்.

வருமான வரிச் சட்டமும் ஏறத்தாழ இதையே செய்தது. கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 60 விழுக்காடாக இருந்தவரை மூன்றாண்டில் எஞ்சியது 6 ரூபாய் 40 காசு. 2017 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 40 விழுக்காடானதும் அது 21 ரூபாய் 60 காசு ஆயிற்று. அன்று எந்தக் கணினியும் கூடுதல் வலுப் பெற்றுவிடவில்லை! அலுவலகக் கணினிகளுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் என்னும் வணிக வழக்கமும் இவற்றுடன் சேர்ந்துகொண்டது.

அதே அரசின் வணிகக் கொள்கை, இரண்டாண்டு பயன்பட்ட கணினியை வணிக நோக்கற்ற கல்வி நிறுவனங்களுக்கு வரியின்றி நன்கொடையளிக்க இடந்தந்தது. ஏட்டில் பெருமளவு கரைந்த கணினி வகுப்பறைக்குப் போதுமானது என்பதே இதன் பொருள்.

எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலையின் கடைகள் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன. இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற அத்தெருவில் நினைவகம், சேமிப்பகம், மின்கலம் ஆகியவை மாற்றப்பட்டுப் பழைய மடிக்கணினிகள் மீண்டும் விலைக்கு வருகின்றன. அங்கு ஒரே விலையில் வாங்குபவர் முன் நிற்பவை தரம் குறைந்த புதியதும் தரம் மிகுந்த பழையதுமாகும். திங்க்பேட், லேட்டிட்யூட் போன்ற அலுவலக வரிசைகள் பிரித்துப் பழுதுபார்க்க ஏற்றவை. விலை மலிந்த புதியவை பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட இயலாது. மாறாக, புதியதற்கு உத்தரவாதம் உண்டு. பழையதன் லித்தியம் மின்கலமோ பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தேயும். பழையதன் விலையோடு புது மின்கலத்தின் விலையையும் கூட்டிப் பார்ப்பதே முறை.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 வேறொரு நாள்காட்டியைக் கொண்டுவந்தது. இன்டெல் செயலிகளில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2017இல் வெளியான எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை அது ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டுமொருமுறை பழையவையாயின. லினக்ஸ் நிறுவத் தெரிந்த மாணவருக்கு அவை இன்றும் மலிவான நல்ல கணினிகள். வங்கிக் கணக்கையும் பிள்ளைகளின் பாடத்தையும் விண்டோஸிலேயே பார்க்கும் குடும்பத்துக்கு, கடைக்காரர் சொல்லும் வயதைவிடச் செயலியின் தலைமுறை எண்ணே முதலில் கேட்க வேண்டியது.