கட்டடப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ்: கண்டறிய உதவும் கணினிப் பட ஆய்வு

கட்டடப் பொருள்களில் மறைந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளை நுண்ணோக்கி வழியே தேடிக் கண்டறிவது கடினமான பணி. இதை எளிதாக்கக் கணினிப் பட ஆய்வு முறைகள் உருவாக்கப்பட்டு வருகின்றன.

ஆபத்து என்ன?

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், வெப்பத்தைத் தாங்கும் கனிம இழையாகும். அது கலந்த கூரைத் தகடுகளை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் காற்றில் பரவுகின்றன. அவற்றைச் சுவாசிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய், மீசோதெலியோமா ஆகியவை ஏற்படக்கூடும். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதால், இடிப்பதற்கு முன்பே பரிசோதிப்பது அவசியமாகிறது.

எண்ணும் சுமை

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை விதித்துள்ள ஜப்பானில், பழைய கட்டடங்கள் பல இன்னும் இடிக்கப்பட வேண்டியுள்ளன. அங்கு எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலே கட்டுப்பாடுகள் பொருந்தும். அந்நாட்டுத் தர நிர்ணய முறை ஒன்றின்படி, பொடியாக்கப்பட்ட மாதிரியில் 3000 துகள்களை ஆய்வாளர் பார்க்க வேண்டும். அவற்றில் 4 துகள்கள் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளாக இருந்தாலே, அது கலந்த பொருளாகக் கருதப்படும்.

கணினி எவ்வாறு கண்டறிகிறது?

உரிய ஒளிவிலகல் எண் கொண்ட திரவத்தில் மாதிரியை வைத்து ஆராயும்போது, ஆஸ்பெஸ்டாஸ் இழை தனக்கே உரிய நிறத்தில் ஒளிரும். ஒளியின் முனைவுத் திசையை மாற்றினால் அந்நிறமும் மாறும். இரு நிலைகளிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, நிறம் மாறிய நீண்ட துகள்களைக் கணினி குறித்துக் காட்டும். அவற்றை நிபுணர் உறுதி செய்வார்.

வரம்புகள்

சிமெண்ட் ஒட்டிய இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இழைகளும் கணினியைக் குழப்பக்கூடும். கடும் வெப்பத்துக்கு உள்ளான இழைகளின் ஒளியியல் பண்புகள் மாறிவிடும். மிக நுண்ணிய இழைகளைக் காண மின்னணு நுண்ணோக்கி தேவை. இல்லாத இழையை இருப்பதாகக் குறித்தால் மறு பரிசோதனையில் சரிசெய்யலாம். இருப்பதைத் தவறவிட்டால், பாதுகாப்புக் கவசமின்றித் தகட்டை அறுக்கும் தொழிலாளியே பாதிக்கப்படுவார்.

இந்தியாவில்...

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்த பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தையதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு உத்தரவிட்டது.