தோட்டத்துச் சிசுவும் டின்பாலும்: மலாயாக் குழந்தை நல வரலாற்றில் ஒரு மறுநோக்கு

மலாயாவின் குழந்தை நல வரலாற்றில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவருக்குத் தனியிடம் உண்டு. 1893இல் ஜமைக்காவில் பிறந்த இவர், ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) பணியாற்றியபோது, தாய்ப்பால் மறந்த பிள்ளைகளிடம் கண்ட ஊட்டக்குறை நோயைக் குவாஷியோர்க்கர் என்னும் அந்நாட்டுப் பெயராலேயே 1930களில் மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1936இல் மலாயாவிற்கு மாற்றலாகி வந்து, சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்கு ஈடென்று கூறி இனிப்பூட்டிய கெட்டிப்பாலை ஏழைத் தாய்மாரிடம் விற்பதனால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

அக்குற்றச்சாட்டு மருத்துவ அடிப்படை உடையது. கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே. சிக்கனம் கருதி மேலும் நீர் கலக்கும்போது புரதமும் கொழுப்பும் குறைகின்றன. உயிர்ச்சத்து 'ஏ' குறைவதால் கண்பார்வையும் கெடுகிறது. தூய்மையற்ற நீரும் புட்டியும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகின்றன. எனினும், திறந்து வைத்தாலும் எளிதில் கெடாத பால் அது என்பதையும் நாம் மறத்தலாகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இது சிறிய வசதி அன்று.

வணிகரை நோக்கி எழுந்த இக்குற்றச்சாட்டினை இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்த் தாயின் நிலையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்ந்த வேளையில்தான் மரப்பால் நன்கு வடியும். எனவே விடியுமுன் பிரட்டுக்குச் சென்று நிற்க வேண்டும்; விடிந்ததும் மரம் சீவ வேண்டும்; பின்னர்ப் பாலெடுத்து நிறுவைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவ்வேலை முடிய நண்பகலாகிவிடும். அதுவரை கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் தூளியிலோ பாயிலோ கிடக்கும். காட்டு வேலைக்கு ஆகாத முதியவள் ஒருத்தி பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். பசித்தழும் பிள்ளைக்கு அவள் கொடுக்கக்கூடியது எது? தோட்டத் தமிழில் இரப்பர் மரம் 'பால்மரம்', அதன் வடிநீர் 'பால்'. பாலெடுக்கச் சென்ற தாயால் பிள்ளைக்குப் பால் கொடுக்க இயலவில்லை என்று சொல்லும்போது இச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே நம் செவியில் விழுகின்றன.

காலனித்துவ மருத்துவ அறிக்கைகள் சிசு மரணங்களுக்குத் தாயரின் அறியாமையைத் திரும்பத் திரும்பக் காரணமாகக் கூறுகின்றன. உரைமருந்து, மாந்தம், செவ்வாப்பு முதலியன அவ்வறியாமையின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. பாலவாகட மரபில் வந்த இச்சொற்களைத் தோட்டத்துப் பாட்டிமார் கையாண்டது உண்மை. வசம்பும் மாசிக்காயும் தாய்ப்பாலில் உரைத்து ஊட்டப்பட்டதும் உண்மை. அம்மருந்து எல்லாம் நன்மையே செய்தது என வாதிடுவது நம் கருத்தன்று. வசம்பினைச் சிசுவிற்குக் கொடுப்பதை இன்றைய மருத்துவர் ஏற்பதில்லை. ஆனால் அதிகாரிகளின் சொற்கள் மட்டும் துல்லியமானவையாக இருந்தனவா? அக்காலப் பதிவுகளில் சிசு மரணத்தின் காரணமாக 'இழுப்பு' என்பது அடிக்கடி காணப்படுகிறது. மலேரியா, தொப்புள்வழி ஏற்பிசிவு, மூளைக்காய்ச்சல், வயிற்றுப்போக்கால் நீர்வற்றல் ஆகிய எதுவும் இழுப்பில் முடியலாம். 'மாந்தம்' என்ற பாட்டியும் 'இழுப்பு' என்றெழுதிய எழுத்தரும் காரணத்தை அறிவதில் ஏறத்தாழ ஒரே தொலைவில்தான் நின்றனர்.

மலேரியாவின் பங்கும் பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் பணியாற்றிய மல்கம் வாட்சன், தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியோர் விகிதத்தைக் கொண்டு ஒரு தோட்டத்தின் மலேரியாக் கடுமையைக் கணித்தார். வடிகால் வெட்டியும் எண்ணெய் தெளித்தும் அவர் காத்த உயிர்கள் பல. எனினும் அம்முறையில் குழந்தை நோயாளி என்பதைவிட அளவுகோலாகவே முதலில் நோக்கப்பட்டது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தாயின் இரத்தத்தை வற்றச் செய்தமையால், பிள்ளைகள் எடை குறைந்தே பிறந்தன.

இனிச் சாங்கி சிறைக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சியில் வில்லியம்ஸ் அங்கே கைதியாக இருந்தார். சிறைப்பட்டிருந்த பெண்களுக்கு அக்காலத்தில் 20 குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதும் தாய்ப்பால் குடித்தன என்றும், இருபதும் பிழைத்தன என்றும் அவர் பின்னர்ப் பதிவு செய்தார். எண்ணிக்கை சிறிது, மருத்துவர்களும் உடன் சிறையிருந்தனர். ஆதலின் இதனை எல்லாவற்றுக்கும் சான்றாக்குதல் பொருந்தாது. ஆயினும், தாய்ப்பாலின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே கூறப்படும் இச்செய்தியில் மற்றொன்றும் உண்டு. அத்தாயர் பட்டினி கிடந்தனர். ஆனால் பிள்ளை அழுதால் எடுத்துக் கொடுக்கும் தொலைவில் இருந்தனர். விடியுமுன் பிள்ளையை விட்டுவிட்டுச் சென்ற தோட்டத்துத் தாய்க்கு இல்லாதது அதுவே. டின்பாலை அவள் வாங்கியதற்கு விளம்பரம் ஒரு காரணம். வேலை நேரம் அதனினும் பெரிய காரணம் எனக் கருதுகின்றோம்.

விடுதலைக்குப் பின் நிலை பெரிதும் மாறியது. தீபகற்ப மலேசியாவில் 1957இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75.5 இறந்தன, 1990இல் இது 13 அளவிற்குக் குறைந்தது. கிராமந்தோறும் எழுந்த மருந்தகங்களுக்கும் தாதியருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. தோட்டங்களோ தனியார் நிலங்கள். அங்கே முதல் மருத்துவம் நெடுங்காலம் நிர்வாகத்தின் கையிலும், மக்கள் 'டிரெசர்' என்றழைத்த மருத்துவ உதவியாளரின் கையிலுமே இருந்தது.

வில்லியம்சின் உரை 1986இல் பினாங்கிலிருந்து அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பால் நூல்வடிவில் வெளியிடப்பட்டது. தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான அனைத்துலக நெறிமுறை 1981இலேயே வந்துவிட்டிருந்தது. வணிகரின் பக்கம் இவ்வாறு ஓரளவு கட்டுக்குள் வந்தது. வேலையின் பக்கம் மெதுவாகவே நகர்ந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் பரிந்துரைத்து வருகிறது. மலேசியத் தனியார் துறையில் நெடுங்காலம் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023 சனவரி முதல் 98 நாளாயிற்று.