1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் இந்திய மருந்துத் தொழிலின் போட்டித்திறனும்

முன்னுரை

அறிவுசார் சொத்துரிமைப் பாதுகாப்பு வலுப்பெறுந்தோறும் ஒரு நாட்டில் புத்தாக்கம் பெருகும். அதனால் பொருளாதாரப் போட்டித்திறன் உயரும் என்னும் கருத்து பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. இந்திய மருந்துத் தொழிலின் வரலாறு இக்கருத்தை அவ்வாறே ஏற்க இடந்தரவில்லை. பாதுகாப்பின் வலிமையைக் காட்டிலும், நாட்டின் தொழில்நுட்ப வளர்ச்சிநிலைக்கு அது பொருந்தியமைவதே இங்குப் போட்டித்திறனை வளர்த்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சட்டத்தின் பின்புலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1911ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கே காப்புரிமை பெற இடமளித்தது. விடுதலைக்குப் பின்னரும் காப்புரிமைகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டவரிடமே இருந்தன. அவற்றுள் பல இந்தியாவில் உற்பத்திக்கு வராமல், இறக்குமதிச் சந்தையைக் காக்கும் அரணாக நின்றன. இந்நிலையை ஆராய்ந்த நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959இல் தம் அறிக்கையை அளித்தார். வேதிப்பொருளுக்குக் காப்புரிமை மறுத்து, அதனை ஆக்கும் செய்முறைக்கு மட்டும் வழங்கிய 1877ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டம் அவ்வறிக்கையில் சுட்டப்பட்டுள்ளது. அச்சட்டத்தின்கீழ் வளர்ந்த ஜெர்மானியச் சாயத்தொழில் பிரிட்டனை விஞ்சியது.

செய்முறைக் காப்புரிமையின் விளைவு

அறிக்கையின் அடிப்படையில் அமைந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், 20.04.1972 அன்று நடைமுறைக்கு வந்தது. உணவு, மருந்து ஆகியவற்றில் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை. அதுவும் ஏழாண்டுகளுக்கு மிகாது. ஒரே மருந்தை வேறு வழியில் ஆக்குவது சட்டத்திற்கு உட்பட்டதானமையால், குறைந்த படிகளில், குறைந்த செலவில் ஆக்கும் வழியைக் காண்பதே புத்தாக்கமாயிற்று.

எனினும் சட்டம் மட்டுமே இதற்குக் காரணமன்று. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காத வளரும் நாடுகள் பல இருந்தும், அவற்றுள் பெரும்பாலானவற்றில் இத்தகைய தொழில் உருவாகவில்லை. பிம்ப்ரியில் 1954இல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், 1961இல் நிறுவப்பெற்ற ஐ.டி.பி.எல். முதலிய பொதுத்துறை நிறுவனங்களும் அரசு ஆய்வகங்களும் வேதியியல் வல்லுநர்களை உருவாக்கின. ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது இத்தொடர்ச்சிக்குச் சான்றாகும். 2001இல் சிப்லா நிறுவனம், மேலைநாடுகளில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலைபோன எச்.ஐ.வி. கூட்டு மருந்தினை 350 டாலருக்கு வழங்க முன்வந்தது. இவ்வாறு பெற்ற திறன் உலகச் சந்தையில் வெளிப்பட்டது.

2005க்குப் பின்

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தை ஏற்றதனால், 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வழங்கப்படுகிறது. ஆயினும் அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் பயன்திறன் உடையதாயின் மட்டுமே காப்புரிமை பெறும் எனப் பிரிவு 3(ஈ) வரையறுத்தது. புற்றுநோய் மருந்தொன்றிற்கு நோவார்ட்டிஸ் செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது, உச்சநீதிமன்றம் 01.04.2013 அன்று அந்நிராகரிப்பை உறுதிசெய்தது.

முடிவுரை

செய்முறைக் காப்புரிமை கற்றலுக்குக் காலமளித்தது; பொதுத்துறை கற்போரை அளித்தது. இவ்விரண்டும் இணைந்தமையாலேயே போட்டித்திறன் பிறந்தது. எனினும் இத்திறன் புதிய மூலக்கூறுகளைக் கண்டறியும் ஆற்றலாகப் பெரிதும் விரிவடையவில்லை. மருந்து மூலப்பொருள்கள் பலவற்றிற்குச் சீனாவைச் சார்ந்திருக்கும் நிலையும் நீடிக்கிறது. ஆகவே, காப்புரிமையைக் கடுமையாக்குவதா தளர்த்துவதா என்னும் வினாவிற்கு முன்னதாக, அக்காப்புரிமை எத்தகைய ஆற்றலை வளர்க்க உதவும் என்பதே ஆராயப்பட வேண்டும்.