பண்பேற்ற இணைப்பின் வரலாறு

ஒலியின் சுருதி, உரப்பு, நிறம் ஆகியவற்றை வேறொரு சமிக்ஞையால் தொடர்ந்து மாற்றுவது மாடுலேஷன் எனப்படும் பண்பேற்றம் ஆகும். மெதுவாக ஏறி இறங்கும் சமிக்ஞையைச் சுருதியோடு இணைத்தால் ஒலி அதிரும். அதையே வடிகட்டியோடு இணைத்தால் ஒலி மங்கித் தெளியும். எனவே எதை எதனோடு இணைப்பது என்பது சின்தசைசரில் முதன்மையான கேள்வியாகும்.

அமெரிக்காவில் 1964 முதல் ராபர்ட் மூக் உருவாக்கிய கருவிகளில் கம்பிகளே இணைப்புகளாக இருந்தன. விரும்பியவாறு இணைக்க முடிந்தது. ஆனால் கம்பிகளைக் கழற்றியதும் அந்த ஒலி போய்விடும். மீண்டும் பெறுவதற்கு இணைப்புகளைத் தாளில் குறித்து வைக்க வேண்டியிருந்தது. 1970-இல் வந்த மினிமூக்கில் பெரும்பாலான இணைப்புகள் கருவிக்குள்ளேயே நிலையாக அமைக்கப்பட்டன. மேடைக்கு எடுத்துச் செல்வது எளிதாயிற்று, சுதந்திரம் குறைந்தது.

இலண்டனின் ஈ.எம்.எஸ். நிறுவனம் 1969-இல் வெளியிட்ட வி.சி.எஸ்.3 கருவியில் கம்பிகளுக்குப் பதிலாக ஒரு கட்டப்பலகை இருந்தது. அதன் 16 வரிசைகள் மூலங்கள். 16 நிரல்கள் இலக்குகள். இரண்டும் சந்திக்கும் துளையில் ஊசியைச் செருகினால் இணைப்பு உண்டாகும்.

1984-இல் வெளிவந்த ஓபர்ஹைம் எக்ஸ்பாண்டர், இணைப்புகளை நினைவகத்தில் எண்களாகச் சேமித்தது. இதனால் சுதந்திரமும் மீட்டெடுக்கும் வசதியும் ஒரே கருவியில் சேர்ந்தன.

இன்றைய மென்பொருள் சின்தசைசர்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. 2014-இல் வெளியான சீரம் மென்பொருளில் ஒரு மூலத்தைச் சுட்டியால் இழுத்துக் குமிழின் மீது விட்டால் போதும். அந்த இணைப்பு உடனே அட்டவணையில் ஒரு வரியாகப் பதிவாகும். அவ்வரியின் அடிப்படை மூலம், இலக்கு, அளவு என்ற மூன்று விவரங்களே.