பிறர் இடத்தில் விழுந்து காயமடைதல்: பொறுப்புச் சட்டத்தின் வரலாறு

ஒருவருடைய வீடு, தோட்டம், கடை, ஆலை போன்ற இடத்துக்குச் சென்ற மற்றொருவர் அங்கே வழுக்கியோ தடுக்கியோ விழுந்து காயமடைந்தால், அந்த இழப்பை யார் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தருவது தீங்கியல் சட்டத்தின் ஒரு பிரிவாகும். இங்கிலாந்தில் இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆயினும் சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டிலேயே இதற்கான ஓர் அடிப்படை விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த விதி எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதைப் பார்த்தால் பின்னர் வந்த தீர்ப்புகளும் ஆணைகளும் எளிதில் விளங்கும்.

கிணற்றுப் படியில் எழும் கேள்வி

மம்சாபுரம், விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அருகில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரப் பகுதியில் உள்ள பேரூராட்சியாகும். இத்தகைய ஊர்களில் தோட்டத்துக் கிணற்றில் அக்கம்பக்கத்தார் வந்து குளிப்பதும், பம்புசெட் ஓடும்போது துணி துவைப்பதும் வழக்கம். தோட்டக்காரர் தடுப்பதில்லை, காசும் வாங்குவதில்லை.

அப்படிக் குளிக்க வந்தவர் பெயர்ந்துபோன படியில் கால் வைத்து விழுந்துவிட்டால் ஊரில் இரண்டு பேச்சு எழும். "பார்த்து இறங்கியிருக்க வேண்டாமா?" என்பது ஒன்று. "படி ஆடுகிறது என்று தோட்டக்காரர் சொல்லியிருக்க வேண்டாமா?" என்பது மற்றொன்று. இந்தச் சட்டத்தின் வரலாறு இவ்விரு பேச்சுக்கும் இடையே நகர்ந்த வரலாறே.

இங்கிலாந்து: 1866 முதல் 1984 வரை

இத்துறையின் முதல் பெரிய தீர்ப்பு ஒரு விழுதலைப் பற்றியதுதான். லண்டனில் ஒரு சர்க்கரை ஆலைக்கு எரிவாயுக் குழாய் வேலைக்காகச் சென்ற தொழிலாளி, மேல்தளத்தில் தடுப்பு இல்லாமல் விடப்பட்டிருந்த திறப்பின் வழியே கீழே விழுந்தார். 'இண்டர்மார் எதிர் டேம்ஸ்' என்ற அந்த வழக்கில் 1866இல் தீர்ப்பு வந்தது. தொழில் நிமித்தமாக வருபவருக்கு, இடத்தை வைத்திருப்பவர் அறிந்த ஆபத்திலிருந்து மட்டுமல்ல, அவர் அறிந்திருக்க வேண்டிய ஆபத்திலிருந்தும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறியது.

இதன் விளைவாக, வருபவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டனர். தொழில் நிமித்தம் அழைக்கப்பட்டவருக்கு அதிகப் பாதுகாப்பு கிடைத்தது. அனுமதி பெற்று வந்தவருக்கு, உரிமையாளர் அறிந்த மறைவான ஆபத்தை எச்சரித்தால் போதும். அத்துமீறி நுழைந்தவருக்கு ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லை.

முதல் இரண்டு வகைகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை 1957ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. சேதமடைந்த வேலி வழியே ரயில் பாதைக்குள் சென்று மின்சாரத்தால் காயமடைந்த சிறுவனின் வழக்கில், அத்துமீறி வந்தவரிடமும் மனிதாபிமானக் கடமை உண்டு என்று 1972இல் தீர்ப்பானது. 1984இல் அதுவும் சட்டமானது. மாந்தோப்புக்குள் மாங்காய் பறிக்க நுழையும் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் பொருள் விளங்கும்.

சென்னை மாகாணம்: 1882

இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882 ஜூலை 1 அன்று சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளில் முதலில் நடைமுறைக்கு வந்தது. பிறருடைய நிலத்தைப் பயன்படுத்தக் கொடுக்கப்படும் அனுமதியைப் பற்றியும் இச்சட்டம் பேசுகிறது. எழுத்து மூலம் தராமல், நடத்தையால் புரிந்துகொள்ளப்படும் அனுமதியும் இதில் அடங்கும். கிணற்றில் குளிக்க வருவோரைத் தடுக்காமல் விடுவது அத்தகைய அனுமதியாகக் கருதப்படலாம்.

இச்சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அனுமதி கொடுத்தவர் தமக்குத் தெரிந்த, ஆனால் வருபவருக்குத் தெரியாத ஆபத்தான குறைபாட்டை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். அனுமதி கொடுத்தபின் அந்த இடத்தை ஆபத்தானதாக மாற்றும் எதையும் அவர் செய்யக் கூடாது என்கிறது 58ஆம் பிரிவு. ஆடும் படியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்ற ஊர்ப்பேச்சு அன்றே சட்டமாகிவிட்டது.

ஆனால் இதன் எல்லை குறுகியது. "எனக்கே தெரியாது" என்று உரிமையாளர் சொன்னால், அவருக்குத் தெரியும் என்று காயமடைந்தவர் மெய்ப்பிக்க வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பாசி, பிளவு போன்றவை மறைவான குறைபாட்டில் சேரா. அனுமதியின்றி நுழைந்த குழந்தையைப் பற்றி இப்பிரிவு பேசவே இல்லை.

இந்திய நீதிமன்றங்கள்

விடுதலைக்குப் பின் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கவனக்குறைவு பற்றிய பொதுவான தீங்கியல் விதிகளைக் கொண்டே இவ்வழக்குகளை முடிவு செய்தன. டெல்லி சாந்தினி சௌக்கில் நகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து சிலர் இறந்த வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்துக்கு ஏறத்தாழ 80 வயது. அதன் சாந்து தாங்கக்கூடிய காலமோ 40 முதல் 45 ஆண்டுகள் மட்டுமே. தெருவை ஒட்டிய கட்டடத்தை வைத்திருப்பவர், கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டுக்கும் பொறுப்பாவார் என்று நீதிமன்றம் கூறியது. "தெரியாது" என்ற பதில் இங்கே எடுபடவில்லை.

மற்றொரு வழக்கு நீதியின் தாமதத்தைக் காட்டுகிறது. 1972இல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்த ஜெர்மானிய விமானத் துணை விமானி, நீச்சல் குளத்தில் குதித்தபோது தலை தரையில் மோதி முடங்கிப்போனார். 1985இல் அவர் இறந்தார். 1997இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கினார். ஆனால் வழக்காடியவர் இறந்தபோதே வழக்கும் அற்றுப்போய்விட்டது என்று மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தானது.

ஆழ்துளைக் கிணறுகள்

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறப்பது தொடர்ந்ததால், உச்ச நீதிமன்றம் 2009இல் தானாக முன்வந்து வழக்கெடுத்து, 2010 பிப்ரவரி 11 அன்று நெறிமுறைகளை வகுத்தது. கிணறு தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே நில உரிமையாளர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் இட்டு நிரப்ப வேண்டும்.

2019 அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாட்கள் நடந்த மீட்புப் பணி பலன் தராமல், 29ஆம் தேதி உடல் மீட்கப்பட்டது. அந்தக் கிணறு குடும்பத்தின் சொந்த நிலத்தில் இருந்தது. விழுந்த பின் பணம் தரச் சொல்லும் சட்டத்தால் அங்கே ஒரு பயனும் இல்லை. விழுமுன் மூடச் சொல்லும் விதி பின்பற்றப்பட்டிருந்தால் மட்டுமே அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். 1882ஆம் ஆண்டு விதிக்கும் 2010ஆம் ஆண்டு ஆணைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே. முன்னது எச்சரிக்கச் சொன்னது. பின்னது ஆபத்தையே அகற்றச் சொல்கிறது.

இன்றுள்ள வழிகள்

மம்சாபுரம் பகுதியில் காயமடைந்தவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. காயமடைந்தவரும் கவனக்குறைவாக இருந்திருந்தால் தொகை அதற்கேற்பக் குறையும். மரணம் நேர்ந்தால், பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோருக்காக 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி வழக்குத் தொடுக்கலாம். அதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

காசு கொடுத்துச் சேவை பெறும் தங்கும் விடுதி, திரையரங்கு, தனியார் மருத்துவமனை போன்ற இடங்களில் விழுந்தவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அங்கும் காலவரம்பு இரண்டு ஆண்டுகளே. பணியின்போது விழுந்த தொழிலாளிக்கு இழப்பீட்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம்.

எந்த வழியில் சென்றாலும் சான்று தேவை. விழுந்த இடத்தின் நிழற்படம், விழுந்த நாளிலேயே பெற்ற மருத்துவச் சீட்டு, அருகிலிருந்தோரின் சாட்சியம் ஆகியவை முதன்மையானவை. படியைச் சீர்செய்துவிட்ட பிறகு, அது முன்பு ஆடியது என்று மெய்ப்பிப்பது கடினம்.