இவோ ஜிமாவின் கடிதங்களும் சயாமின் மௌனமும்

பரணி இலக்கியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர் இந்த ஐயத்தை எழுப்பிவிடுவார். வென்றவனைப் பாடும் நூலுக்குத் தோற்றவன் பெயரை ஏன் சூட்டவேண்டும்? வென்றது குலோத்துங்கனின் படை. நூலின் பெயரோ கலிங்கத்துப் பரணி. பெயரளவில்தான் தோற்றவனுக்கு இடம் உண்டு.  புறநானூறு இதற்கு மாறானது. சேரனும் சோழனும் ஒரே களத்தில் மாண்ட செய்தியைக் கழாத்தலையாரும் பரணரும் பாடிய 62, 63ஆம் பாடல்களில் வெற்றிக் களிப்பு இல்லை. இருபுறத்து இழப்பும் ஒரே துயரமாகிவிடுகிறது.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2006இல் வெளியான ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது அந்தப் புறப்பாடல்களே நினைவில் எழுந்தன. 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை ஒரு சிறு எரிமலைத் தீவில் நடந்த போரை, தோற்ற ஜப்பானியரின் பக்கத்திலிருந்து, அவர்களது மொழியிலேயே ஓர் அமெரிக்கர் சொன்ன படம் அது. அதே போரை அமெரிக்கர் பக்கத்திலிருந்து சொல்லும் படத்தையும் அவர் அதே ஆண்டில் எடுத்தார். தீவில் இருந்த சுமார் 21,000 ஜப்பானியரில் மிகப் பெரும்பாலோர் மடிந்தனர். அமெரிக்கர் தரப்பில் மாண்டோர் ஏறத்தாழ 6,800 பேர்.

படத்தின் உயிர் கடிதங்களில் இருக்கிறது. தளபதி குரிபயாஷி அமெரிக்காவில் இருந்த நாட்களில் தம் மகனுக்குப் படம் வரைந்து எழுதியவை உண்மையில் நூலாக வெளிவந்தவை. ரொட்டிக்கடை நடத்திய சாய்கோ என்னும் சாதாரணச் சிப்பாய் தன் மனைவிக்கு எழுதுகிறான். பிடிபட்ட அமெரிக்க இளைஞன் ஒருவன் இறந்தபின், அவனுடைய தாய் எழுதிய கடிதத்தை அதிகாரி நிஷி தம் வீரர்களுக்கு மொழிபெயர்த்துப் படிக்கிறார். தம் அன்னையர் எழுதுவதும் இதே சொற்கள்தாம் என்று அவர்கள் திகைக்கும் அந்த இடத்தில் பகைவன் என்ற சொல் பொருளிழந்துவிடுகிறது.

அந்தக் காட்சியில் நான் கண்கலங்கினேன். ஆனால் படம் முடிந்தபின் ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. சேலம் சீமையைச் சேர்ந்த ஒருவன் அந்தப் படைக்காகக் கண்கலங்கலாமா?

காரணம் இருக்கிறது. 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை, மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள்திரட்டிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, வடாற்காடு ஆகியவற்றோடு சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 வரை அதன் பகுதியே. 1942இல் மலேயா ஜப்பானியர் வசமாயிற்று. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு, நாட்கூலி ஒரு வெள்ளி என்று ஆசைகாட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும் தோட்டத் தமிழர்களைக் கொண்டுசென்றனர். 1943 அக்டோபரில் இருமுனையும் இணைந்தன. அங்கே உழைத்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்று கணிக்கப்படுகிறது. கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் உடனிருந்தார்கள், பெயர்ப்பட்டியலும் இருந்தது. நம்மவர்களுக்கு அவற்றில் எதுவும் இல்லை. காலரா வந்தபோது குடியிருப்பு குடியிருப்பாக மடிந்தார்கள்.

வென்றவர்கள் அவர்களை நினைத்தார்களா? 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ உலகப் புகழ்பெற்றது. இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்ட அதில், அந்தப் பாதையில் மிகுதியாக மடிந்த ஆசியத் தொழிலாளர்களின் கதை இல்லை. இன்றும் காஞ்சனபுரிக்குச் செல்பவர்கள் பெயர் பொறித்த கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகக் காணலாம். விந்தை என்னவென்றால், 1944இல் ஜப்பானியரே அங்கு எழுப்பிய நினைவிடத்தில் தமிழ் வாசகமும் உண்டு. சாகக் காரணமானவர்கள் தமிழில் எழுதி வைத்தார்கள். வென்றவர்களின் திரை தமிழனுக்கு ஒரு முகத்தைக்கூடத் தரவில்லை.

ஈஸ்ட்வுட்டின் படத்திலும் இத்தகைய மௌனம் ஒன்று உண்டு. இவோ ஜிமாவில் சுரங்கம் தோண்டியவர்களில் ஜப்பானியர் கட்டாயமாகக் கொண்டுவந்த கொரியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். படத்தின் பார்வை அவர்கள்மீது தங்குவதில்லை. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் நாடு உண்டு, அஞ்சல் உண்டு, எழுத்து உண்டு. இருவருக்கும் இடையே மண் சுமந்தவனுக்கு இவற்றில் எதுவும் வாய்ப்பதில்லை. ஆகவே என் கேள்விக்கு விடை இது: சாய்கோவுக்காக அழுவது பிழையன்று. அந்த அழுகையோடு நின்றுவிடுவதே பிழை.

என் பாட்டியின் தமையன் ராசிபுரத்துக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரிலிருந்து மலேயா போனவர். தோட்டத்துக் கிராணியாரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்கள் ஆண்டுக்கு இரண்டு வந்தனவாம். 1941இன் இறுதிக்குப் பின் ஒன்றும் வரவில்லை. அவர் சயாமுக்குப் போனாரா, தோட்டத்திலேயே மாண்டாரா என்பது எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையன்று மோகனூரில் காவிரிக் கரையில் அவருக்கும் சேர்த்து எள்ளும் நீரும் இறைப்பது வழக்கமாயிற்று. வந்த கடிதங்களை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி குரல் தாழ்த்துவார்.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இந்தக் கடமையை உணர்ந்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் கடிதம் எழுதவியலாதவர்களுக்காக எழுதப்பட்ட கடிதங்களே. 2023இல் காஞ்சனபுரியில் இத்தமிழர்களுக்கென ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. வீழ்ந்தவனின் பெயரையும் ஊரையும் கல்லில் பொறிப்பது நம் மரபு. பெயர்கள் கிடைக்காமல் நட்ட கல் அது.

அந்தப் பெயர்களில் சில இன்னும் நம் பக்கத்து வீடுகளில் இருக்கக்கூடும். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஆத்தூரிலோ, மலேயா தபால்தலை ஒட்டிய பழைய உறை ஒன்று உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால், தயவுசெய்து எடுத்துப் படியெடுத்து வையுங்கள். கரையான் காத்திருக்காது.